பதினான்கு வருடம் நான் மொழிபெயர்த்தது

திருகோணமலை நீதிமன்றத்துக்குக் கிட்ட, ஒரு போட்டோக் கொப்பிக் கடையின் பின்னறையில் என் மேசை இருக்கிறது. நான் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி என்று தமிழிலும் சிங்களத்திலும் வருவதை ஆங்கிலத்துக்கு மாற்றி, கையெழுத்து வைத்து, முத்திரை குத்திக் கொடுப்பது என் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வேலையை முத்திரை இல்லாமல் செய்வேன். நான் போகும் சபை சிறியது. சிங்களக் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் ஒன்றாக உட்காருவார்கள். போதகர் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர். அவர் ஒரு வாக்கியம் சொல்வார். பக்கத்தில் நின்று அதை நான் தமிழில் சொல்வேன்.

பதினான்கு வருடம் அப்படிச் செய்திருந்தேன். நன்றாகவே செய்தேன். அவர் தடுமாறும் இடத்தில் நான் தடுமாறியதில்லை. பாதியில் விட்ட வாக்கியத்தை நானே முடித்து வைப்பேன். கிருபை, மீட்பு, பாவநிவிர்த்தி போன்ற சொற்களுக்கு மூன்று மொழியிலும் என்ன பொருள், எந்தச் சொல் எங்கே பொருந்தாது என்றெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். வெளியூரிலிருந்து வரும் பிரசங்கிமார்கூட, "இந்த அம்மா பேசினால் நாங்கள் பேசத் தேவையில்லை" என்று பகிடி விடுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அந்தக் காலம் முழுவதும் நான் சொல்லிக் கொண்டிருந்தது எனக்கே விளங்கவில்லை. விளங்கவில்லை என்பதும் எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் இதைப்பற்றியே பேசினார். சுவிசேஷம் கெட்டித்தனத்தால் எட்டிப் பிடிக்கிற விஷயமல்ல, கடவுளே திறந்து காட்டினால்தான் மனிதனுக்குத் தெரியும், படித்தவர்களுக்கு மறைந்திருப்பது சின்னப் பிள்ளைகளுக்குத் தெரிய வருகிறது என்றார். நான் அதையும் மிக அழகாக மொழிபெயர்த்தேன்.

ஆராதனை முடிந்து செருப்பை மாட்டும்போது ஒரு பெண் என்னிடம் வந்தார். வெருகல் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. கல்யாணம் முடித்து நகரத்துக்கு வந்து, சந்தையில் கருவாடு விற்கிறவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்.

"அக்கா, இண்டைக்கு எனக்கு விளங்கிச்சு" என்றார்.

"என்ன விளங்கினது?"

"அவர் எனக்காகத்தான் செத்தவர் எண்டு."

"அதை ஒவ்வொரு கிழமையும் சொல்லுறனே" என்றேன்.

"ஓம் அக்கா, நீங்கதான் சொன்னீங்க. அப்ப காதில விழுந்திச்சு. இண்டைக்குத்தான் விளங்கினது."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. 'உமக்காக மட்டுமல்ல, எல்லாருக்காகவும்' என்று தொடங்கி, பலியைப் பற்றியும் மற்றவருக்குப் பதிலாகச் சாவதைப் பற்றியும் நின்ற நிலையில் கொஞ்ச நேரம் விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டார். "நீங்க சொல்லுறது பெரிய கதை அக்கா, எனக்கு அவ்வளவு ஏலாது" என்று சொல்லிவிட்டுப் போனார். பாலையூற்றில் இருக்கும் என் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், சரியாக விளங்கிக்கொள்ளாமலே சந்தோஷப்படுகிறாளே என்று நினைத்துக் கொண்டு போனேன்.

அதற்குச் சில மாதங்களுக்குப் பின் கிண்ணியாப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியிலிருந்து ஒரு முஸ்லிம் பெரியவர் வந்தார். அறுபது வயதிருக்கும். தம்பலகாமத்தில் வயல் செய்கிறவர். அவருடைய மகளின் கணவர் வெளிநாட்டில் வேலை செய்தார். மகள் அங்கே போய்ச் சேர விண்ணப்பிக்க, அவளுடைய பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்தில் மாற்ற வேண்டும். சாதாரண வேலை. அன்றைக்கே செய்து கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அதே தாளுடன் திரும்பி வந்தார். பிறந்த மாதம் கடவுச்சீட்டில் ஒன்று, மொழிபெயர்ப்பில் இன்னொன்று என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மூலத்தை வாங்கிப் பார்த்தேன். அதில் யூன் என்று இருந்தது. நான் யூலை என்று அடித்திருந்தேன்.

மூலத்தில் எழுத்து தெளிவாகத்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் சொன்னேன்: "நானா, இது பதிவாளரிட கையெழுத்துப் பிரச்சினை. மங்கிப் போயிருக்கு. யூனா யூலையா எண்டு ஒருத்தராலும் சொல்ல ஏலாது."

அவர் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்து ஒரு தரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப இப்ப சரியா அடிச்சுத் தாங்க மிஸ்" என்றார். அடித்துக் கொடுத்தேன். நன்றி சொல்லி, எழும்பும்போது கதிரையை மேசைக்குள் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

இருபது வருடத் தொழிலில் பிழை விடுவது நடக்காத காரியமல்ல. பொய் சொன்னதுதான் உறுத்தியது. ஆனாலும் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். பெயர் கெட்டால் தொழில் போகும். எப்படியும் திருத்திக் கொடுத்து விட்டேன். பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. இப்படியே நாள் போனது.

பெரிய நட்டம் இருந்தது என்பது அவர் மூன்றாம் தரம் வந்தபோதுதான் தெரிந்தது. இந்த முறை அவர் கொண்டு வந்தது ஒரு பச்சைப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்.

"மகளுக்குப் பிள்ளை கிடைச்சிருக்கு மிஸ். விசா வாறத்துக்குள்ள மாசம் ஏறிட்டு. பிளேனில ஏத்த மாட்டாங்க எண்டுட்டாங்க. இஞ்சதான் பெத்தெடுத்தா. மருமகன் போனிலதான் பிள்ளையப் பார்த்தார்."

குறை சொல்லும் குரலே இல்லை. நான் ஒரு கிழமையில் தருகிறேன் என்று சொல்லி வாங்கி வைத்தேன். அன்று அந்தச் சான்றிதழை மூன்று தரம் சரிபார்த்தேன்.

ஒரு கிழமை முடிந்ததும் நானே கொண்டுபோய்க் கொடுப்பதென்று முடிவெடுத்தேன். காலையில் கிண்ணியா பஸ் ஏறி, அங்கிருந்து ஓட்டோ பிடித்து, விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். மகளும் பிள்ளையும் உள்ளே இருந்தார்கள். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தார். அதைக் குடித்தால் சொல்ல வந்ததைச் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. தொடாமலே சொன்னேன்.

"நானா, அந்தச் சான்றிதழ் மங்கி இருக்கேல்ல. பிழை என்னில. நான்தான் யூன் எண்டதை யூலை எண்டு அடிச்சனான். பிறகு உங்களுக்குப் பொய்யும் சொன்னனான்."

அவர் தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, "தெரியும் மிஸ்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நானும் தமிழ் படிச்ச ஆள்தானே. அண்டைக்கு உங்கட மேசையிலயே பார்த்தனான். யூன் எண்டு வடிவா இருந்திச்சு."

"அப்ப ஏன் ஒண்டும் கேக்கேல்ல?"

"உங்கட முகம் வெளிறிப் போச்சு. நான் கேட்டிருந்தா நீங்க இன்னொரு பொய் சொல்லியிருப்பீங்க. என்னத்துக்கு?"

"எல்லாம் தெரிஞ்சும் திரும்ப என்னட்டயே வந்தீங்களே."

"நான் அண்டைக்கே அதை விட்டுட்டன். விட்டாப் பிறகு வேற ஆளிட்டப் போனா, அது விட்டதாகாதே."

அவருடைய மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இவர் விட்டுட்டார். எனக்குக் கோவம் இரிக்கி" என்றார். அது நியாயம் என்றேன். மகள் பிள்ளையைத் தோளில் போட்டுக் கொண்டு வெளியே வந்து, "இனி எல்லாருக்கும் பார்த்து அடியுங்க மிஸ்" என்று மட்டும் சொன்னாள். அதற்கும் ஓம் என்றேன். தேத்தண்ணி ஆறிப் போயிருந்தது. குடித்துவிட்டு எழும்பினேன்.

திரும்பும் பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது நான் கடவுளைப் பற்றி நினைக்கவில்லை. அந்த மனிதர் நான் போவதற்கு முன்பே, கேட்பதற்கு முன்பே, பொய் சொல்லிக் கொண்டிருந்த அதே நிமிடத்தில் என்னை மன்னித்திருந்தார் என்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நாளும் மன்னிக்கப்பட்ட ஆளாகவே மேசையில் இருந்திருக்கிறேன். அது தெரியாமல் பயந்து கொண்டிருந்திருக்கிறேன்.

பாலம் முடிந்து வெள்ளைமணல் பக்கம் வரும்போது, போதகர் எத்தனையோ தரம் சொன்ன ஒன்று மனதில் வந்தது. நாங்கள் திருந்திய பிறகல்ல, எதிரிகளாக இருந்தபோதே கிறிஸ்து எங்களுக்காகச் செத்தார் என்பது. நூறு தரத்துக்கு மேல் அதை நான் தமிழில் சொல்லியிருப்பேன். சொல்லும்போதெல்லாம் 'எங்களுக்காக' என்ற சொல்லில் குடிகாரரும் களவெடுப்பவரும் முன் வரிசையில் அழுகிற பெண்களும் இருந்தார்கள். நான் இருந்ததில்லை. நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கிறவள். அந்தப் பஸ்ஸில்தான் முதல் தடவையாக நானும் அதற்குள் இருந்தேன். எனக்காக. பொய் சொன்ன எனக்காக, அந்தப் பொய்க்கும் காரணம் கண்டுபிடித்த எனக்காக.

இதை யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஒரு நல்ல மனிதர் மன்னித்தார், அதை வைத்துக் கடவுளைக் கணக்குப் போட்டேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. உலகத்தில் எத்தனையோ பேர் மன்னிக்கப்படுகிறார்கள். நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கும் அதற்கு முன் மன்னிப்புக் கிடைத்திருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு அவருடைய மார்க்கம் உண்டு, அவர் அதன்படி நடந்தார்; அவரை என் பிரசங்கத்துக்கு உதாரணமாக்க எனக்கு உரிமையில்லை. நடந்தது இவ்வளவுதான்: பதினான்கு வருடம் மொழிபெயர்த்தும் எனக்குத் தெரியாத ஒன்றை, யாரோ எனக்குக் காட்டினார்கள். காட்டியது யார் என்றும் அப்போதே தெரிந்தது. சீனக்குடா வரும்வரை முகத்தை யன்னல் பக்கம் வைத்துக் கொண்டு அழுதேன். பஸ் நிலையத்தில் இறங்கி, மரக்கறி வாங்கிக் கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொழிபெயர்க்கும்போது இரண்டு இடத்தில் நின்றுவிட்டேன். சொல் தெரியாமல் அல்ல. போதகர் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு ஒரு சாதாரணத் தமிழில் சொல்லி முடித்தேன், கொப்பியில் எழுதி வைத்த சொல் ஒன்றும் அதில் இல்லை. ஆராதனை முடிந்ததும் கருவாடு விற்கும் அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன்.

"அண்டைக்கு நீங்க சொன்னதுதான் சரி" என்றேன். "எனக்கு இப்பத்தான் விளங்கினது."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் உங்களுக்காகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான் அக்கா" என்றார். நான் அவருக்காகப் பரிதாபப்பட்ட நாட்களில் அவர் எனக்காக ஜெபித்திருக்கிறார்.

வீட்டில் சொல்வதுதான் கடினமாக இருந்தது. என் கணவர் துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவரும் படகில் எஞ்சின் பார்க்கிறவர். சைவக் குடும்பம். நிறைய வாசிப்பவர். கல்யாணம் முடித்த புதிதில் அவரை மாற்றிவிடலாம் என்று நான் ஆதாரம் ஆதாரமாக அடுக்குவேன். அவர் ஒவ்வொன்றையும் கேட்டு, சிலதை ஒத்துக்கொண்டு, சிலதை வெட்டி, கடைசியில், "உம்மட வாதம் நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஒண்டும் செய்யேல்ல" என்பார். நான் இரண்டு நாள் பேசாமல் இருப்பேன்.

இந்த முறை நடந்ததைச் சொன்னேன். யூலை, பொய், குறிஞ்சாக்கேணி, பஸ், எல்லாம். பொய்யைப் பற்றி அவருக்கும் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

நான் சமைத்துக்கொண்டே சொல்ல, அவர் குசினி வாசலில் நின்று கேட்டார். "சரி, நீர் சொல்லுறது விளங்குது" என்றார். "ஆனா எனக்கு அப்பிடி ஒண்டும் தெரியேல்லையே."

முந்தி என்றால் உடனே ஒரு விளக்கத்தோடு தொடங்கியிருப்பேன். "எனக்கும் இவ்வளவு காலம் தெரியேல்ல" என்றேன். "நான் காட்ட ஏலாது. அவர்தான் காட்ட வேணும்."

"அப்ப நீர் என்ன செய்யப்போறீர்?"

"கேக்கப்போறன். உங்களுக்கும் காட்டச் சொல்லி."

அவர் சிரிக்கவில்லை. எதிர்த்துப் பேசவும் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "கேளும்" என்றார். பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டதென்று மோட்டார் சைக்கிளை எடுத்துக் கொண்டு போனார்.