விசில் அடித்த கலங்கரை விளக்கம்

என் மனைவியின் தாய்மாமன் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறார். கல்யாணமோ கருமாதியோ, சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அவருக்கு ஒரே பேச்சுதான்.

"எங்க அப்பா ரூமா ஆப்பில வேலை பார்த்தாரு. அவர் விளக்கு ஏத்தலன்னா ஒரு கப்பல்கூட கிள்ளானுக்கு வந்திருக்காதுலா."

ரூமா ஆப்பி என்றால் மலாயில் கலங்கரை விளக்கம். மறுத்துச் சொல்ல அவர் தலைமுறையில் யாரும் உயிரோடு இல்லை. அந்தத் தைரியத்தில் கதை வருஷத்துக்கு வருஷம் கொழுத்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார், பிள்ளைகளே. அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் அதை நம்பிவிட்டாள். பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு 'என் கொள்ளுத் தாத்தாவின் கலங்கரை விளக்கம்' என்று தலைப்புக் கொடுத்துவிட்டு வந்தாள். நான் அதிகம் படித்தவன் இல்லை. ஆனாலும் என் பிள்ளை மேடையேறிப் பொய் சொல்லக் கூடாது என்ற பயம் எனக்கு இருந்தது. காப்பார் கடற்கரைப் பக்கம் ஒரு மீன்பிடிப் படகைப் பேசி, அவளையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு அந்தக் கலங்கரை விளக்கம் இருக்கும் தீவுக்கே போனேன்.

தீவு என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. சுற்றிலும் பாறை, நடுவில் ஒரு மேடு, மேட்டில் வெள்ளைக் கோபுரம். ஈயமும் ரப்பரும் ஏற்ற வந்த கப்பல்கள் பாறையில் தட்டிவிடக் கூடாதென்று வெள்ளைக்காரன் கட்டியது. கப்பல்மேல் இருந்த அக்கறை, விளக்குக்குக் காவல் வைத்த ஆட்கள்மேல் அவனுக்கு இல்லை. அவர்கள் மழைத் தண்ணீரைப் பிடித்துக் குடித்து, படகு வந்தால்தான் அரிசி என்று கிடந்தார்கள். இப்போது அங்கே ஆளே இல்லை. சோலார் தகடு வெயிலை வாங்கி வைக்கிறது, இருட்டியதும் விளக்கு தானே எரிகிறது.

படகு நெருங்கியதும் மாமா ஆரம்பித்தார்.

"எங்க அப்பா பாவம். ராத்திரி முழுக்கக் கரி அள்ளி அள்ளிப் போடுவாரு."

"விளக்குக்குக் கரியா, தாத்தா?" என்றாள் மகள்.

"அப்பல்லாம் கரிதான். காலைல ஒரு விசில் அடிப்பாரு பாரு, ஊரே எழுந்திரிக்கும்."

"இங்க ஏது ஊரு?"

"நீ சின்னப் பிள்ள, உனக்கு என்னா தெரியும்? வேலை முடிஞ்சா உடம்பெல்லாம் கரியோட வீட்டுக்கு நடந்தே வருவாரு."

மகள் கடலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நடந்தா? தாத்தா, அது ரூமா ஆப்பி இல்ல. கெரெத்தா ஆப்பி."

கெரெத்தா ஆப்பி என்றால் ரயில். படகோட்டி மலாய்க்காரர். நாங்கள் பேசியதில் அந்த மலாய்ச் சொற்கள் மட்டும்தான் அவருக்குப் புரிந்தன. பாறையில் தண்டவாளம் தேடுவதுபோல் எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

கரைக்குத் திரும்பினோம். இறங்கியதும் மாமா என்னைத் தனியாக இழுத்தார்.

"மாப்பிள்ள, பிள்ளைகிட்ட சொல்லி வைங்க. நான் சொன்ன மாதிரியே பேசட்டும். கரி அள்ளுனவன் மகன்னு நாலு பேர் முன்னால நான் உட்கார்ந்து கேக்கணுமா?"

அதுவரை அவருக்கு மறதி என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை, தெரிந்தேதான் அளந்திருக்கிறார். அந்தக் கரிதான் அவரைப் படிக்க வைத்து, கவர்மெண்ட் ஆபீஸ் நாற்காலியில் உட்கார வைத்தது. பெற்றவரின் கறுத்த கையை மறைக்க அவருக்கு ஒரு தீவே தேவைப்பட்டிருக்கிறது. இதைவிட மட்டமான காரியத்தை நான் பார்த்ததில்லை.

"முடியாது மாமா. வெட்கமா இருந்தா நீங்க வராதீங்க," என்றேன்.

வந்தார். பாத்திக் சட்டை, முதல் வரிசை. என் மகள் மைக்கைப் பிடித்துச் சொன்னாள்:

"என் கொள்ளுத் தாத்தா கலங்கரை விளக்கத்தில் வேலை செய்யவில்லை. அவர் ரயிலில் கரி அள்ளிப் போட்டவர். எங்கள் குடும்பத்தில் அந்தத் தீவுக்கு வேலையாகப் போனவர் யாரும் இல்லை. அங்கே மழைத் தண்ணீர் குடித்துக் கிடந்தவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்."

பேசினாள். தடுமாறவில்லை. பரிசு, அதே தீவில் பேய் இருப்பதாக அலறிய ஒரு பையனுக்குப் போனது. நடுவர்களின் லட்சணம் அவ்வளவுதான்.

மாமா திருந்தினாரா என்று கேட்பீர்கள். அடுத்த மாதம் செராஸில் ஒரு கல்யாணம். எதிர் மேசையில் அவர் குரல் கேட்டது.

"எங்க அப்பா கெரெத்தா ஆப்பி ஓட்டுனவரு. அவர் கை வைக்கலன்னா வண்டி நகராது."

என் மகள் இலையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அப்ப கரி யாரு அள்ளிப் போட்டா, தாத்தா?"

அவர் பாயசம் கேட்டுக் கையைத் தூக்கினார்.