கதவில் கட்டியிருந்த நீலத் துணி

இது நடந்தது போன வருஷ மழைக்காலத்தில், ஹைதராபாத் குஷாய்குடாவில், என் வீட்டு டாய்லெட்டில். இடத்தைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். எனக்குப் புத்தி வந்த இடம் அதுதான்.

நான் வேலூர்க்காரி. இருபத்து மூன்று வயதில் இங்கே ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து வந்தவள், ரிட்டயர் ஆகும்வரை இன்ஸ்பெக்‌ஷன் பிரிவிலேயே இருந்தேன். மற்றவர்கள் செய்து அனுப்புவதை லென்ஸ் வைத்துப் பார்த்து, இங்கே பற்றவைப்பு சரியில்லை, அங்கே ஒயர் மாறியிருக்கிறது என்று சிவப்புச் சீட்டு ஒட்டுவதுதான் உத்தியோகம். வேலை முடிந்தபிறகும் அந்தக் கண் போகவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. இரண்டாவது மாடியில் ஒரு சின்ன ஃபிளாட், ஒரே ஒரு டாய்லெட், நான் ஒருத்தி.

வீட்டு வேலைக்கு ஒரு தெலுங்குப் பெண் ஆறு வருஷமாக வருகிறாள். நாற்பது வயது இருக்கும். எங்கள் அபார்ட்மென்ட்டிலேயே இன்னும் சில வீடுகளிலும் வேலை செய்கிறாள். ஒன்பது மணிக்கு வந்து பாத்திரம், துணி, தரை எல்லாம் முடித்துவிட்டு, சமையலறை ஓரத்தில் கிடக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து என்னோடு டீ குடிப்பாள். அவள் தெலுங்கில் பேசுவாள், நான் வேலூர்த் தமிழ் வாசனை அடிக்கும் தெலுங்கில் பதில் சொல்வேன். புருஷன் குடி, பெண் எழுதப்போகிற இன்டர் (நம்ம ஊர் பிளஸ் டூ) பரீட்சை, எதிர் பிளாக்கில் நடந்த சண்டை, எதுவும் மிச்சமிருக்காது. சில நாள் அந்தப் பதினைந்து நிமிஷத்தோடு என் பேச்சு முடிந்துவிடும். அப்புறம் மறுநாள் ஒன்பது மணிக்கு அவள் காலிங்பெல் அடிக்கும்வரை டி.வி.தான் பேசும்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் வேலை செய்கிற பெண்களை யாரும் தங்கள் டாய்லெட்டுக்குள் விடமாட்டார்கள். அவசரமென்றால் கீழே வாட்ச்மேன் ரூமை ஒட்டி இருக்கும் டாய்லெட்டுக்குத்தான் போகவேண்டும். அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. என் வீட்டில் மட்டும் அவள் தாராளமாகப் போகலாம். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. அபார்ட்மென்ட் மீட்டிங்கில் இரண்டு தடவை சொல்லியும் காட்டியிருக்கிறேன்.

அக்கா மகளுக்கு விசேஷம் என்று அவள் இரண்டு நாள் லீவு போட்டாள். நானே முட்டி வலியோடு வீட்டைப் பெருக்கித் துடைத்தேன். மூன்றாம் நாள் வந்தவள் துணி துவைக்க உட்கார்ந்துவிட்டு, காலர் தேய்க்கிற பிரஷ் எங்கே என்று கேட்டாள். எனக்கென்ன தெரியும், நீ எங்கே வைத்தாயோ என்றேன். கையாலேயே தேய்த்துத் துவைத்தாள். அப்புறம் டாய்லெட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, தண்ணீர் இறங்கவில்லை, மேலே ஏறுகிறது என்றாள்.

போய்ப் பார்த்தேன். கமோடு விளிம்புவரை தண்ணீர் நின்றது. காலையிலேயே தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கியது. அதை நான் பார்த்திருந்தேன். ஆனாலும் அந்த நிமிஷத்தில் இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குக் குற்றவாளி எதிரிலேயே நிற்பதாகத் தோன்றிவிட்டது.

"உள்ளே என்ன போட்டே? துணியா, நாப்கினா? அதையெல்லாம் பேப்பர்ல சுத்தி வெளியே போடணும்னு உனக்குத் தெரியாதா?"

அவள் முகம் சிவந்தது. "நேனு காதம்மா," என்றாள். நான் இல்லம்மா என்று அர்த்தம். அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. இந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர், நான் போடவில்லை, அப்படியானால் யார் போட்டது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். கடைசியில், இனிமேல் கீழேயே போய்க்கொள் என்று சொன்னேன்.

அவள் மிச்சப் பாத்திரத்தைக் கழுவினாள், தரையைத் துடைத்தாள், கிளம்பினாள். அவளுக்காக ஊற்றி வைத்த டீ ஆடை கட்டிப் போய், அப்புறம் நான்தான் கொட்டினேன்.

பிளம்பருக்குப் போன் செய்தால், "ஆஜ் நக்கோ அம்மா," இன்றைக்கு வேண்டாம், மழை நிற்கட்டும், அப்புறம் வருகிறேன் என்றார். மழையா நிற்கும்? கடையில் அடைப்பெடுக்கிற ரப்பர் பம்ப் வாங்கி வந்து கை கடுக்க அடித்தேன். வெந்நீர் ஊற்றினேன். ஒன்றுக்கும் மசியவில்லை. எதிர் ஃபிளாட்டில் கேட்கலாம்தான். பதினொரு வருஷமாக லிஃப்டில் பார்த்துத் தலையாட்டியதோடு சரி, திடீரென்று கதவைத் தட்டி இதை எப்படிக் கேட்பது? அந்த நேரத்தில்தான் உறைத்தது, இவ்வளவு பெரிய ஊரில் டாய்லெட்டுக்கு வரலாமா என்று கேட்க எனக்கு ஒரு வீடு இல்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். எத்தனை நேரம் முடியும்? சாயங்காலம் குடை பிடித்துக்கொண்டு கீழே வாட்ச்மேன் ரூம் டாய்லெட்டுக்குப் போனேன்.

உள்ளே கால் வைக்கவே வழுக்கியது. கதவைச் சாத்தினால் தானாகத் திறந்துகொண்டது. வெளியே ஸ்கூட்டர் நிறுத்துகிறவர்களின் பேச்சு பக்கத்திலேயே கேட்டது. கதவைப் பிடிக்க ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தபோதுதான், தாழ்ப்பாள் இருந்த ஓட்டையில் ஒரு துணி கட்டியிருப்பது தெரிந்தது. உட்கார்ந்தபடி இழுத்துப் பிடித்துக்கொள்ள வசதியாக நீளமாகக் கிழித்துக் கட்டிய துணி. நீலத்தில் வெள்ளைக் கட்டம். என்னுடைய பழைய காட்டன் புடவை. போன சங்கராந்திக்கு நான்தான் அவளுக்குக் கொடுத்தேன்.

அந்தத் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். அவமானமாக இருந்தது. அப்போதும், செய்தது அவள்தானே என்று மனசில் ஒரு மூலை சொல்லிக்கொண்டே இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் நாள் காலை பிளம்பர் வந்தார். அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இந்த மூன்று நாளும் நேரத்துக்கு வந்தாள், வேலையை முடித்தாள், போனாள். ஸ்டூல் காலியாகவே கிடந்தது. பிளம்பர் ஸ்பிரிங் கம்பியை விட்டுக் குடைந்து பார்த்தார். உள்ளே கெட்டியாக ஏதோ மாட்டியிருக்கிறது, கமோடையே கழற்றவேண்டும் என்றார். அடியில் பூசியிருந்த வெள்ளை சிமென்ட்டைத் தட்டி உடைத்துக் கழற்றி, பால்கனிக்குத் தூக்கிப்போய்ச் சாய்த்து உலுக்கினார். பின்பக்கத்து வளைவிலிருந்து பொத்தென்று விழுந்தது ஒரு பிளாஸ்டிக் பிரஷ். உள்ளங்கையில் அடங்குகிற, காலர் தேய்க்கிற பிரஷ்.

அதைப் பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அவள் லீவில் இருந்த இரண்டாம் நாள், வாசல்படிக் கறையை அந்த பிரஷ்ஷால்தான் தேய்த்தேன். பக்கெட்டில் போட்டேன். துடைத்த அழுக்குத் தண்ணீரை அவள் எப்போதும் பால்கனியில் தண்ணீர் போகிற துளையில்தான் ஊற்றுவாள். எனக்கு அவ்வளவு தூரம் தூக்க முட்டி இடம் கொடுக்கவில்லை. கரன்ட் வேறு இல்லை. இருட்டில், நாற்றத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கெட்டை அப்படியே கமோடில் கவிழ்த்து ஃபிளஷை அழுத்தினேன்.

"ஏ கைக்கு டாலே அம்மா?" என்று பிளம்பர் சிரித்தார். இதை எதுக்கம்மா போட்டீங்க என்று. திரும்பிப் பார்த்தேன். சமையலறை வாசலில் அவள் நின்றிருந்தாள். ஈரக் கை. பிரஷ்ஷைத்தான் பார்த்தாளே தவிர என்னைப் பார்க்கவில்லை.

எப்படி விழுந்ததோ தெரியவில்லை என்று சொல்லத்தான் முதலில் வாய் வந்தது. விழுங்கிக்கொண்டேன். நான்தான் போட்டேன், பக்கெட்டோடு கவிழ்த்துவிட்டேன் என்று அவளுக்கும் கேட்கிற மாதிரி தெலுங்கிலேயே சொன்னேன். பிளம்பர் போனதும் இரண்டு டீ போட்டு, தப்பு என்னுடையது, அப்படிப் பேசியிருக்கக்கூடாது, மன்னித்துக்கொள் என்றேன். இந்த வயசுவரை யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

"பர்வாலேதம்மா," என்றாள், பரவாயில்லைம்மா என்று. டீயையும் குடித்தாள், நின்றுகொண்டே.

இப்போது பழையபடி ஸ்டூலில் உட்காருகிறாள். பெண் பாஸானதைச் சொன்னாள். புருஷனைப் பற்றிப் புலம்புகிறாள். ஆனால் டாய்லெட்டுக்கு மட்டும் போவதில்லை. இங்கேயே போ என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே பர்வாலேதம்மா, அதே சிரிப்பு. நானே ஆள் கூட்டி வந்து கீழே கதவுக்குத் தாழ்ப்பாள் போட வைத்தேன். பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், புதுத் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் நீலத் துணி அப்படியே இருந்தது. அது மறுபடி உடைந்தாலும் உடையும் என்று நினைத்திருப்பாள் போல.

தினமும் என் கமோடைப் பளபளவென்று தேய்த்துக் கழுவி, கதவைச் சாத்திவிட்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்புகிறாள். படியில் அவள் செருப்புச் சத்தம் இறங்கி இறங்கிக் குறையும்போது, எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரியும். ஆறு வருஷமாக என் வீட்டைத் தன் வீடு மாதிரி நினைத்து வந்த ஒரே மனுஷி அவள்தான், அந்த நினைப்பை நானே துரத்திவிட்டேன் என்பது, அவள் போனபிறகு இந்த வீடு அமைதியாகிவிடும் ஒவ்வொரு நாளும் எனக்குப் புதிதாகத்தான் வலிக்கிறது.