ஆளில்லாத கோட்டை

கோட்டை அருங்காட்சியகத்துக்குப் பாலத்தைத் தாண்டி வருகிறவர்களின் காலைத்தான் ரோஸ்வித்தா முதலில் பார்ப்பாள். “நல்லா தேச்சிட்டு வாங்க. கூட்டறது நான்தான்.” சீட்டுக் கிழிப்பதும், ஏருக்கும் ராட்டைக்கும் தூசி தட்டுவதும், சுற்றிக் காட்டுவதும் அவளே. அகழி அழகாக இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் கடுத்துவிடும். “கோடை வெயில்ல வந்து மோந்து பாருங்க.”

இரண்டாம் உலகப் போர் முடிந்த வருஷம், கிழக்கே சைலேசியாவிலிருந்து மற்ற ஜெர்மானியர்களோடு துரத்தப்பட்டு, கைவண்டியில் ரைன் நதிக் கரைக்கு வந்தபோது அவளுக்கு நான்கு வயது. அகதிக் குடும்பங்களை இந்தக் கோட்டையில்தான் அடைத்தார்கள். அகழி ஈரம் சுவரேறி நின்றது. விறகு பொறுக்கப் போன அம்மாவை, கோட்டைக்குச் சொந்தக்காரரான பிரபுவின் காட்டுக் காவலர்கள் நாயை விட்டு விரட்டினார்கள். கோபுர அறையில் இருமி இருமியே தம்பி எமில் செத்துப்போனான்.

இந்த வசந்தத்தில் வாசல் கூடத்தில் புதிய வரலாற்றுப் பலகை மாட்டினார்கள். துணியும் கையுமாகத் துடைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். ‘போருக்குப் பின் எட்டாண்டுகள் கோட்டை ஆளின்றிப் பூட்டிக் கிடந்தது. பிறகு நாட்டார் வாழ்க்கை அருங்காட்சியகம் ஆனது.’

அருங்காட்சியகச் சங்கத் தலைவர் லாம்பர்ட் பள்ளியில் அவளோடு படித்தவர்.

“யார் எழுதினது இது?”

“கமிட்டிதான். பிரபு குடும்பம் கூரை போட்டுத் தருது ரோஸ்வித்தா. அவங்களுக்குச் சங்கடம் வேணாமேன்னு...”

“எனக்குக் கோட்டை எலின்னு பேரு வச்சது யாரு?”

அவர் பாலத்தைப் பார்த்தார்.

“நீதான் வச்ச. வகுப்பே கத்துச்சு. ஆளே இல்லாத கோட்டைல எலி எங்கேருந்து வந்துச்சு?”

“சின்னப் பசங்க விளையாட்டு அது. பழசைக் கிளறாத. இது நாட்டார் மியூசியம், நம்ம ஜனங்களோட...”

“நாங்க எந்த ஜனம்?”

குரல் உயரவில்லை. கழுத்து மட்டும் சிவந்திருந்தது. வெளியே ஒரு சுற்றுலாப் பேருந்து வந்து நின்றது. “அவங்க போகட்டும், பேசிக்கலாம்” என்றார் லாம்பர்ட்.

ரோஸ்வித்தா பலகையை ஆணியிலிருந்து கழற்றினாள். சுவர்ப் பக்கம் முகம் திருப்பி மாட்டினாள். வெறுமையாக இருந்த அதன் முதுகில், சீட்டு மேஜையிலிருந்த தடித்த பேனாவால், கூடத்தின் அந்தக் கோடியிலிருந்தும் தெரியும்படி ‘எமில்’ என்று எழுதினாள்.