டீசல் தின்னிகளும் ஸ்டெல்லா அக்கான்ர குசினியும்

மண் மூச்சு விடுதோ எண்டு பார்க்கிறதுதான் என்ர தொழில். இதைச் சொன்னால் கலியாணத் தரகரே தேத்தண்ணியைப் பாதியில வைச்சிட்டு எழும்பிடுறார். வெயிலுக்குள்ள மீட்டரோட குந்தியிருக்கிற சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது விளங்கும்.

வாளி

கொழும்பு ஒருகொடவத்தையில ஒரு பழைய லொறி யார்ட். வருசக்கணக்கா டீசல் ஊறின மண். அதைத் தின்னுற கிருமிகள் உள்ளுக்க இருக்கு. தின்னத் தின்ன மூச்சு விடும். வாளியொண்டைக் கவிழ்த்து, அந்தக் காற்றை அளக்கவேணும். அளவு ஏறினால் கிருமிகளே மண்ணைச் சுத்தமாக்கிடும், அப்பிடியே விடலாம். ஏறாட்டி தோண்டி அள்ளவேணும். மதிலுக்கு அங்கால குடியிருக்கிற ஸ்டெல்லா அக்கா சமைக்கிற குசினியும் அந்த மண்ணிலதான் நிக்குது, அதுவும் போகும். எனக்கெண்டால் இருப்புக்கொள்ளேல்லை.

முதல்நாள் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தால் வாளியைக் காணேல்லை. காவல்காரர் அதுக்குள்ள தான் உடுத்த சாரத்தை ஊறப்போட்டிருக்கிறார்.

"அனே, ஐயோ மிஸ், சும்மா கவிண்டு கிடந்ததுதானே!"

திடீரெண்டு ஏறின அளவு

அடுத்த கிழமை மீட்டர் கிடுகிடுவெண்டு ஏறிச்சுது. துள்ளிக் குதிச்சுத் திரும்பினால், லொறி டிரைவர்மார் மூண்டு பேர் வாளி விளிம்பைத் தூக்கி உள்ளுக்க எட்டிப் பார்க்கினம். எல்லாம் அவையின்ர மூச்சு! கத்தினன்.

"அதையும் சேர்த்து எழுதுங்கோ மிஸ், ஸ்டெல்லா அக்கான்ர குசினிக்குத்தானே!" எண்டார் ஒரு டிரைவர்.

பினாயில்

பிறகொரு நாள் அளவு அடியில விழுந்திட்டுது. குனிஞ்சால் பினாயில் மணம். ஸ்டெல்லா அக்கா சிரிச்சுக்கொண்டு நிக்கிறா. "நீங்கள் வந்து குந்துற இடம் நாறக்கூடாதெண்டு நான்தான் கழுவினனான், பிள்ளை."

"ஐயோ அக்கா, கிருமிகளைச் சாக்காட்டிப்போட்டீங்களே!" எண்டு வாயில வந்தபடி ஏசிப்போட்டன். அவவின்ர முகம் செத்துப்போச்சு. தன்ர குசினிக்குத் தானே வினை வைச்சது அப்பதான் அவவுக்கு விளங்கினது. எனக்கு வெட்கமாப் போச்சு. தப்பின கிருமிகள் திரும்பப் பெருகத் தவணை கேட்டு, மேலதிகாரிக்கு ஃபோன் எடுத்து அழுது கெஞ்சினன்.

"இன்னும் மூண்டு கிழமை. அதுக்குப் பிறகு தோண்டுற மெஷின் வரும்," எண்டார்.

மூண்டு கிழமை

கொட்டாஞ்சேனை வீட்டில என்னால ஒரு இடத்தில இருக்கேலாது. ஞாயிறு பூசை முடிய நேரா ஆட்டோ பிடிச்சு யார்டுக்கு. ஸ்டெல்லா அக்கா கதிரை போட்டுக் காவல். பூனையையும் உள்ளுக்க விடுறதில்லை.

கடைசி நாள் எல்லாரையும் தள்ளி நிப்பாட்டிப்போட்டு அளந்தன். ஏறிச்சுது. நம்பேலாமல் மூண்டு தரம் அளந்தன். மூண்டு தரமும் ஏறிச்சுது. மண் தோண்டத் தேவையில்லை எண்டு மேலதிகாரி கையெழுத்துப் போட்டார். ஸ்டெல்லா அக்கா அழுது முடிச்சு, வாளிக்குக் கேட்கக்கூடாதெண்ட மாதிரி என்ர காதுக்குள்ள கேட்டா:

"டீசல் முடிஞ்சாப் பிறகு, பாவம், அதுகள் என்னத்தைச் சாப்பிடும் பிள்ளை?"

கிருமி செத்ததுக்கு அழுது, உயிரோட வந்ததுக்குக் கோயிலில மெழுகுதிரி கொளுத்தின ஆள் இந்தக் கொழும்பிலேயே நான் ஒருத்தியாத்தான் இருப்பன்.