எந்தப் பக்கம் ஓடும்

என் வீட்டுக்கு ஐம்பத்தெட்டுப் படி. அவற்றில் ஏறி வருகிறவர் ஒருவர்தான். துறைமுகப் பட்டறையில் என்னோடு முப்பத்தொரு வருடம் மோட்டார் பழுது பார்த்தவர். புதன்கிழமைதோறும் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூருக்கு பஸ் ஏறி வருவார். டீ குடித்தபடி பழைய வேலைகளைப் பற்றிப் பேசுவோம்.

ஒரு புதன்கிழமை சண்டை வந்துவிட்டது. வட முனை கதவுப் பக்கம் இருக்க, காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே கம்பியை மேலே இழுத்தால் மின்சாரம் எந்தப் பக்கம் ஓடும் என்பதுதான் பேச்சு. கட்டைவிரல் கம்பி நகரும் திசை, ஆள்காட்டி விரல் காந்தப்புலம், நடுவிரல் மின்சாரம். விரல்களை நீட்டி, ஜன்னல் பக்கம் என்றேன்.

அவர் என் கையையே பார்த்தார். "அப்டி வராது நைனா. செவுத்துப் பக்கம் ஓடும்."

எட்டாவதோடு நின்றவருக்கு விரல் விதியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன். நான் டிப்ளமோ படித்தவன். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த ஐந்து புதன்கிழமைகள் அவர் வரவில்லை. போன் செய்ய எனக்கு மனம் வரவில்லை. நான் சொன்னது சரி என்று நிரூபித்துவிட்டுப் பேசலாம் என்றிருந்தேன். கட்டிலுக்கடியில் கிடந்த கால்வனாமீட்டரையும் லாடக் காந்தத்தையும் எடுத்தேன். கம்பியை இருபது சுற்றுச் சுற்றினேன். பக்கவாதத்துக்குப் பிறகு வலது கை விரல்கள் நீளுவதில்லை. ஒற்றைக் கையால் சுற்ற இரண்டு நாள் ஆனது. முள் எந்தப் பக்கம் சாய்ந்தால் மின்சாரம் எந்தப் பக்கம் என்பதை முதலில் பேட்டரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பிறகு அன்று பேசியபடியே காந்தத்தை வைத்து, கம்பியை அதன் நடுவிலிருந்து மேலே இழுத்தேன். சுவர்ப் பக்கம். இருபத்தைந்து தடவை இழுத்தேன். இருபத்தைந்தும் சுவர்ப் பக்கம்.

விதியில் பிழை இருக்க முடியாதே என்று மறுபடி விரல்களை நீட்டிப் பார்த்தேன். நீண்டிருந்தது இடது கை. மோட்டாருக்குத்தான் இடது கை. கம்பியை இழுத்து மின்சாரம் எடுப்பதற்கு வலது கை. நீட்ட முடிந்த கையை நீட்டியிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை ராயபுரம் போனேன். மாதா கோயிலுக்குப் பின்னால் ஒண்டுக் குடித்தனத்தில் அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதுதான் தப்பு, கை மாறிவிட்டது என்றேன்.

"அப்பவே பாத்தேன்," என்றார். "உன் ரைட்டு கை வேல செய்லன்னு என் வாயால எப்டி சொல்றது? நீ வேற எட்டாங்கிளாஸுன்னுட்ட."

என் வலது கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்று விறைப்பாகப் பிடித்தார். வலித்தது. நான் ஒன்பது எண்ணும்வரை பிடித்திருந்தார். விட்டதும் மூன்றும் மடங்கிக்கொண்டன.

"புதன்கெழம வர்றேன்," என்றார்.

நடுவில் இன்னும் மூன்று நாள் இருந்தது.