அவிழ்க்காத காப்பு

அம்மனை நம்பிக் கூடியிருக்கும் உங்களிடம் என் கதையைச் சொல்கிறேன். இதில் பாதி எனக்கே நினைவில்லை. என் மனைவி சின்னத்தாயி சொல்லித்தான் தெரியும்.

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்தும் கூடத்தில் நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. குளிருக்கென்று தொட்ட சாராயம் வெயில் காலத்திலும் விடவில்லை. ஜெர்மன் சண்டை மூண்ட வருஷம், ஐப்பசியில், காய்ச்சல் மூளைக்கு ஏறியது. கட்டிலோடு போடிக்குத் தூக்கி வந்தார்களாம். ஒரு மாதம் கழித்து எழுந்தேன். ஆனால் காலையில் கேட்டது மதியம்வரை தங்கவில்லை.

"நேத்து தோட்டத்துக்குப் போயி காயப் பரப்பிட்டு வந்தேன்" என்று அடித்துச் சொல்வேன். வாசலைத் தாண்டியிருக்க மாட்டேன். பொய் சொல்லவில்லை. ஓட்டை விழுந்த இடத்தை மனசு தானாக அடைத்துக்கொண்டது. மூன்று வயது மகள் மடியில் வந்து உட்கார்ந்தால், "யாரு வீட்டுப் புள்ள?" என்பேன். அவள் எழுந்து போய்விடுவாள். எனக்கு வலிக்கவும் இல்லை. மரத்துப் போயிருந்தேன்.

இன்னும் குடித்தால் இருக்கிற புத்தியும் போய்விடும் என்றார் வைத்தியர். சூடம் அணைத்துச் சத்தியம் செய்தேன். மறுநாள் சத்தியமே மறந்துபோனது.

பங்குனித் திருவிழாவில் பூசாரி என் கையில் மஞ்சள் காப்புக் கட்டினார். "தாயே, பெத்த புள்ளையவாவது தெரியட்டும்" என்று சின்னத்தாயி வேண்டினாள். நானும் கூடவே சொன்னேனாம்.

ஒரு மதியம் கால் தானாகச் சாராயக் கடைக்குப் போனது. "வாங்கண்ணே, எம்புட்டு நாளாச்சு!" என்று கடைக்காரர் நீட்டினார். வாங்கக் கை நீட்டினேன். காப்பைப் பார்த்தேன். யார் கட்டியது, எப்போது கட்டியது, தெரியவில்லை. ஆனால் காப்புக் கட்டியவன் குடிக்கக் கூடாது என்பது சின்ன வயதிலேயே ஊறியது. அது மட்டும் அழியவில்லை. திரும்பிவிட்டேன். வந்த கையோடு இதைச் சின்னத்தாயியிடம் சொன்னேனாம்.

திருவிழா முடிந்து எல்லோரும் காப்பை அவிழ்த்தார்கள். சின்னத்தாயி பூசாரியிடம் மன்றாடி எனக்கு மட்டும் விட்டுவைத்தாள். நைந்தால் அவரே புதிதாகக் கட்டுவார். தினமும் காலையில், "திருவிழா முடிஞ்சிருச்சா?" என்று கேட்பேன். "இன்னும் முடியல" என்பாள்.

இப்படியே இரண்டு வருஷம். ஓர் ஆடி மாதக் காலையில் வழக்கம்போலக் கேட்டேன், அவளும் சொன்னாள். "நேத்தும் இதையேதான சொன்ன?" என்றேன்.

அவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள். எனக்குக் கண்ணீர் வரவில்லை. சத்தம் கேட்டு மகள் ஓடி வந்தாள். "பாப்பாத்தி, ஒங்க ஆத்தாளுக்குத் தண்ணி கொண்டா" என்றேன். பெயரை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

போன இரண்டு வருஷம் திரும்பவில்லை. சந்தோஷம்கூட எனக்கு மெதுவாகத்தான் எட்டுகிறது. அதனால் என்ன, அம்மன் கேட்டதைக் கொடுத்தாள். உங்கள் வீட்டிலும் குடியால் புத்தி மங்கியவர் இருந்தால் கைவிடாதீர்கள், அவள் முன்னால் கூட்டி வாருங்கள்.

என் காப்பை இன்னும் அவிழ்க்கவில்லை. இப்போது திருவிழா முடிந்தது தெரிந்தேதான் காலையில் கேட்கிறேன்.

"இன்னும் முடியலய்யா" என்று பாப்பாத்தி சொல்கிறாள்.