பெட்டைக்கு மூன்று அடி

தீசா ஆற்றங்கரையில் டொமொகோஷ் பெயரைச் சொன்னால் வேட்டைக்காரர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். தேனீ வளர்ப்பவர்தான், தேனொழுகப் பேச மட்டும் வராது. வேட்டைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஃபெசன்ட் என்னும் காட்டுக்கோழியில் சேவலைத்தான் சுடலாம். பெட்டையைச் சுட்டவர், அன்றைய வேட்டையை வரிசையாகக் கிடத்தியதும் அதன்மேல் குப்புறப் படுத்து, பின்புறத்தில் அவர் கையால் மூன்று பிரம்படி வாங்க வேண்டும். பாதிரியாரையே அவர் விட்டதில்லை.

போன வருஷம் சொந்த மாப்பிள்ளை யெனோவுக்கே அந்தக் கதி. மூன்றாவது அடி கொஞ்சம் ஓங்கியே விழுந்துவிட்டது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு யெனோ வருவதில்லை, மகளும் வருவதில்லை. தானாகப் போய்ப் பேச டொமொகோஷுக்கு வீம்பு. ஆனால் அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்தால் சூப்பைப் பாதியிலேயே தள்ளி வைத்துவிடுவார்.

இந்த டிசம்பரில், சோளத்தட்டைக்குள்ளிருந்து ஒன்று படபடவென்று எழுந்தது. வெயில் கண்ணைக் குத்த, டொமொகோஷ் சுட்டார். நாய் கவ்விவந்து காலடியில் போட்டது பழுப்புநிறப் பெட்டை! சட்டென்று பைக்குள் திணித்துவிட்டு நிமிர்ந்தால், வாய்க்கால் கரையில் யெனோ. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, திரும்பி நடந்தான்.

மாலையில் சேவல்களும் முயல்களும் வரிசையாகக் கிடந்தன. இப்போது சொல்லிவிடுவான் என்று டொமொகோஷ் காத்திருந்தார். யெனோவோ தன்பாட்டுக்கு, கறி சமைக்கும் கொப்பரைக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பெட்டையை எடுத்து வரிசையின் ஓரத்தில் வைத்தார்.

"மாப்ள, பிரம்ப எடுங்க."

"நானா மாமா?"

"பாத்தீங்கல்ல, ஏன் சொல்லல?"

"சொன்னா ஊரே சிரிக்கும். நான் பட்டது போதாதா?"

டொமொகோஷ் குப்புறப் படுத்தார். முதல் அடி தூசி தட்டுவதுபோல் விழுந்தது.

"இதெல்லாம் ஒரு அடியா? ஒங்க அத்தை கரண்டியால போடுறதே இதவிட பலமா இருக்கும்!"

மூன்றாவது அடியில் "யம்மா!" என்று அலறினார். கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. பாதிரியார்தான் அதிகமாகச் சிரித்தார்.

பறவைகளுக்கு இறகு பிடுங்குவதும் தண்டனையில் சேர்த்தி. உட்கார முடியாமல் நின்றபடியே பிடுங்கினார். யெனோ வந்து பாதியை வாங்கிக்கொண்டான். பன்றிக்கொழுப்பில் வெங்காயம் வதங்கி, மிளகாய்த்தூளும் ஒயினும் சேர்ந்து, கறி மணத்தது. இருவரும் தட்டோடு நின்றபடியே சாப்பிட்டார்கள்.

"போன வருஷம் ஒங்களுக்கும் இப்படித்தான் வலிச்சுதா?" என்று கேட்டார் டொமொகோஷ்.

"இதவிட."

"ஓங்கிப் போட்டுட்டேன் மாப்ள. தப்புதான்."

யெனோ கறியோடு பல்லில் மாட்டிய ஈயக்குண்டைத் துப்பினான். "ஞாயித்துக்கெழம நாங்க ரெண்டு பேரும் வரோம்னு அத்தைகிட்ட சொல்லுங்க. அப்படியே, ஒங்க நாற்காலில மெத்துன்னு ஒரு தலகாணியும் போடச் சொல்லுங்க."